கம்பஸ் போகும் பிள்ளைக்குக் கணினி: கடனில் மூழ்காமல் வாங்குவது எப்படி?

கடந்த மாதம் புதுக்குடியிருப்பில் இருந்து தெரிந்த அன்ரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மகளுக்குக் கம்பஸ் கிடைச்சிருக்கு. லப்டொப் கட்டாயம் வேணுமாம். கடையில இரண்டு இலட்சத்து இருபதாயிரம் சொல்லுறாங்கள். மாதாமாதம் கட்டலாமாம். எடுக்கட்டோ?" என்று கேட்டார்.

கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தவர். தையல் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தவர். ஏற்கெனவே ஒரு நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். "இரண்டு கிழமை பொறுங்கோ அன்ரி" என்றேன். அந்த இரண்டு கிழமைகளில் அவருக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய நிலையில் வடக்கிலும் கிழக்கிலும் பல குடும்பங்கள் இருக்கின்றன.

விலை ஏன் இப்படி ஏறியது?

2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் சற்று இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதமானது. கணினி முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள் என்பதால் இரண்டு அடியும் அதன் விலையில் விழுந்தன. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்குமே போதாது. ஆகவே கணினிக்கான பணம் வீட்டில் இருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

முதலில் பீடம், பிறகு கணினி

அனுமதிக் கடிதம் கிடைத்த கையோடு கடைக்கு ஓடவேண்டாம். முதல் சில கிழமைகள் பொறுத்து, அதே பீடத்தில் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் படிக்கும் அண்ணா, அக்காமாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மென்பொருள் பாவிக்கிறீங்கள்?" எதை வாங்குவது என்பதை அதற்கான பதில்தான் தீர்மானிக்கும்.

கலை, முகாமைத்துவம், சட்டம், கல்வியியல் படிப்பவர்களுக்குத் தேவை ஒப்படை எழுதுவதும், இணையத்தில் தேடுவதும், சூம் வகுப்பும், சிறிதளவு புள்ளிவிபரக் கணிப்பும்தான். 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் உள்ள சாதாரண மடிக்கணினி நான்கு வருடத்துக்குத் தாங்கும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்களுக்கும், மொறட்டுவை, பேராதனை போன்ற இடங்களில் வரைபட மென்பொருள்களோடு வேலை செய்பவர்களுக்கும் 16 ஜிபி ரேம் நல்லது. ஆனால் அதை முதல் நாளே வாங்கவேண்டியதில்லை. 8 ஜிபியில் தொடங்கி, தேவைப்படும்போது கூட்டலாம். அதற்காக, ரேம் கூட்டக்கூடிய இடம் உள்ளே இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு ஒட்டியே வரும். பிறகு மாற்ற முடியாது.

கணினி விஞ்ஞானம், காணொளித் தொகுப்பு படிப்பவர்கள் மட்டும் தொடக்கத்திலேயே 16 ஜிபியை நோக்குவது நியாயம்.

"ஐ7" என்ற பொறி

கடையில் "இது ஐ7, ஐ5ஐ விடத் திறம்" என்பார்கள். அது எந்தத் தலைமுறை ஐ7 என்பதைச் சொல்லமாட்டார்கள். இன்டெல் செயலியின் பெயரில் இடைக்கோட்டுக்குப் பிறகு வரும் இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-8250 என்றால் 8ஆம் தலைமுறை. ஐ5-10210 என்றால் 10ஆம் தலைமுறை. ஐ7-4600 என்றால் 4ஆம் தலைமுறை, அதாவது பத்து வருடத்துக்கும் மேற்பட்டது. அந்தப் பழைய ஐ7ஐ விட 8ஆம் தலைமுறை ஐ5 உங்களுக்குப் பலமடங்கு உதவும்.

8ஐ எல்லைக்கோடாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தியவற்றிலும்தான் முறைப்படி இயங்கும். விண்டோஸ் 10 கணினிகளை இப்போது மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விலை குறைவு என்று ஏமாறவேண்டாம். ஏஎம்டி ரைசன் என்றால் 3000 வரிசைக்குக் கீழே போகாதீர்கள்.

புதியதா, பாவித்ததா?

கையில் காசு இருந்து, உத்தரவாதமும் தேவை என்றால் புதியதை வாங்குங்கள். ஆனால் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் மலிவான புதிய மடிக்கணினியை விட, ஒரு இலட்சத்துக்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கும் பாவித்த திங்க்பாட், டெல் லற்றிரியூட், எச்.பி. எலைட்புக் போன்றவை பல தடவை உறுதியானவை. இவை அலுவலகப் பாவனைக்காகச் செய்யப்பட்டவை. வெளிநாட்டு நிறுவனங்கள் சில வருடங்கள் பாவித்துக் கழித்தவை தொகையாக இங்கே வருகின்றன. உதிரிப்பாகமும் கிடைக்கும்.

பாவித்ததை வாங்கும்போது அரை மணித்தியாலம் கடையிலேயே இருந்து இவற்றைப் பாருங்கள்:

• நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். தொடக்கத்தில் கடவுச்சொல் கேட்டாலோ, வேறொரு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்தாலோ வாங்கவேண்டாம். பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் நீங்கவில்லை என்று பொருள்.
• பற்றரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. பற்றரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே என்றால் புதிய பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.
• கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தைப் பார்க்கலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் எஸ்.எஸ்.டி. போட்டுத்தரக் கேளுங்கள்.
• விசைப்பலகையின் ஒவ்வொரு எழுத்தையும் தட்டுங்கள். கமரா, மைக், வைஃபை, யூஎஸ்பி துளைகள், திரை பிணைச்சல் எல்லாவற்றையும் பாருங்கள்.
• முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திரையில் போட்டுப் பாருங்கள். புள்ளியும் கோடும் தெரியும்.
• சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருக்கவேண்டும். நமது மின்சாரம் 230 வோல்ட்.

வெளிநாட்டு உறவினர் பழைய கணினி தருகிறேன் என்றால் சந்தோசமாக வாங்குங்கள். செயலியின் இலக்கத்தை மட்டும் முதலில் கேளுங்கள். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸில் இருந்து வருபவற்றின் விசைப்பலகையில் எழுத்துகள் இடம்மாறி இருக்கும். அமைப்பை ஆங்கிலத்துக்கு மாற்றி, விசைகளில் ஸ்ரிக்கர் ஒட்டினால் சரி. அதற்காக வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை.

தவணைக் கணக்கைப் பெருக்கிப் பாருங்கள்

"மாதம் 9,000 மட்டும்" என்பார்கள். 24 மாதம் என்றால் 2,16,000 ரூபா. பொருளின் விலை 1,50,000 என்றால் 66,000 ரூபா வட்டிக்குப் போகிறது. அந்தக் காசுக்கு ஒரு வருட தங்குமிட வாடகையின் பெரும்பகுதியைக் கட்டலாம். தவணையை மாதங்களால் பெருக்கி, கட்டவேண்டிய மொத்தத் தொகையைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

கணினிக்காக நுண்கடன் எடுக்கவே வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்டும் கடன், வருமானம் தராத பொருளுக்குப் பொருந்தாது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மாணவர் கடன் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றுமே சரிவராவிட்டால், முதல் வருடத்தைப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்திலும் நூலகத்திலும் ஓட்டலாம். பலர் அப்படித்தான் படித்து முடித்தார்கள்.

ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்

இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். 2011இல் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தபோது அம்மா தன் காப்பை அடகு வைத்தார். 2009இல் பதுங்குகுழி பதுங்குகுழியாக மாறியபோதும், செட்டிகுளம் முகாமிலும் சேலைத் தலைப்பில் முடிந்து காப்பாற்றிய காப்பு அது. அந்தக் காசில் நகரத்துக் கடையொன்றில் "புத்தம் புதியது" என்று ஒரு மடிக்கணினி வாங்கினேன். மூன்றாம் மாதம் அது நின்றுபோனது. திருத்துபவர் திறந்து பார்த்துவிட்டு, ஏற்கெனவே திறந்து பாகம் மாற்றியது என்றார். கடைக்காரர், "பில் இருக்கோ?" என்று கேட்டார். என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. கணினியும் போனது. வட்டி கட்டமுடியாமல் காப்பும் ஏலத்தில் போனது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் ரசீது தரவேண்டியது வியாபாரியின் கடமை. அதில் கணினியின் பெயர், தொடரிலக்கம், புதியதா பாவித்ததா என்பது, உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். இது அப்போது எனக்குத் தெரியாது.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கவேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பல்கலைக்கழக மின்னஞ்சல் கிடைத்தவுடன், அதனூடாக மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் இலவசமாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறது. ஓட்டோகாட் மென்பொருளை அதன் நிறுவனமே மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. புள்ளிவிபரத்துக்கு எஸ்.பி.எஸ்.எஸ்.க்குப் பதிலாக பி.எஸ்.பி.பி. போதும். தமிழ் விசைப்பலகை விண்டோஸிலேயே உண்டு. அதற்கென்று கடையில் காசு கொடுக்காதீர்கள். பாமினியில் மட்டும் தட்டிப் பழகியவர்கள் யூனிகோட்டுக்கு இப்போதே மாறினால், ஒப்படையை வேறு கணினியில் திறக்கும்போது எழுத்து உடையாது. கிராக் செய்த மென்பொருள்களோடு வைரஸும் சேர்ந்து வரும்.

வாங்கிய பிறகு

மாரியில் இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். ஒப்படைகளை ஒரு பென் டிரைவிலும், கூகுளின் இலவச 15 ஜிபி இடத்திலும் சேமித்து வையுங்கள். ஒரே இடத்தில் வைத்ததை ஒரே நாளில் இழக்கலாம் என்பது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத பாடம். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள், மிஞ்சியிருக்கும் குடும்பப் படங்கள் ஆகியவற்றையும் ஸ்கான் செய்து அங்கேயே போட்டு வையுங்கள்.

அன்ரி கடைசியில் 92,000 ரூபாவுக்கு, பாவித்த 8ஆம் தலைமுறை மடிக்கணினி ஒன்றை ஆறு மாத உத்தரவாதத்தோடு வாங்கினார். பாதி சீட்டுக் காசு. மீதி தம்பி அனுப்பியது. மகள்தான் கடைக்குப் போய், மேலே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். இரவு அன்ரி மீண்டும் அழைத்தார்: "பில்லைப் படம் எடுத்து உமக்கும் அனுப்பியிருக்கிறன் தம்பி. தொலைஞ்சாலும் உம்மட்ட இருக்கும்."

சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கிறது.