பெர்மிட்டும் படியரிசியும்: தென்னார்க்காட்டிலிருந்து சுதந்திராக் கட்சியைப் பார்த்தல்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். இப்பகுதியில் கரும்பு போடுகிறவருக்கு நன்கு பழகிய சொல் 'வெட்டு உத்தரவு'. ஒரு ஆலைக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியில் விளைந்த கரும்பை நினைத்த நாளில் வெட்டி, நினைத்த ஆலைக்கு ஏற்றிவிட முடியாது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை அதற்கு இடம் தருவதில்லை. மேற்கே போனால் நெய்வேலி. அங்கே நிலம் எடுப்பதும் அரசு, வேலை கொடுப்பதும் அரசு, மின்சாரம் தருவதும் அரசு. குடிமகனின் வாழ்வில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்ற கேள்வியை இவ்வளவு நெருக்கமாக அனுபவித்த வட்டாரங்கள் தமிழ்நாட்டில் குறைவு. அக்கேள்விக்காகவே பிறந்த கட்சி ஒன்று சென்னையிலேயே இருந்தது. அது ஏன் கடைசிவரை மூன்றாம் கட்சியாகவே நின்றது?

கதையை 1959-இல் தொடங்குவது வழக்கம். நான் 1952-இல் தொடங்குகிறேன். அவ்வாண்டுத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 மட்டுமே. தென்னார்க்காடு, சேலம் பகுதிகளில் எஸ். எஸ். ராமசாமி படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், வடஆர்க்காடு, செங்கல்பட்டுப் பகுதியில் மாணிக்கவேலு நாயக்கரின் பொதுநலக் கட்சி 6 இடங்களையும் பிடித்தன. இந்நிலையில் முதல்வரான ராஜாஜி, போர்க்காலம் முதல் நீடித்த உணவு ரேஷனை 1952 ஜூனில் நீக்கினார். அரசு ஒதுங்கிக்கொண்டதால் அடுப்படி வரை பலன் தெரிந்த முடிவு அது. சுதந்திரச் சந்தைக் கொள்கைக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய வரவேற்பு பிறகு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நற்பெயரை அடுத்த ஆண்டே அவர் இழந்தார். 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் 'குலக்கல்வி' என்ற பெயரோடு மக்கள் நினைவில் பதிந்தது. 1954 ஏப்ரலில் பதவி விலகினார். பின்வந்த காமராஜர் பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு போட்டார். இதன்பின் 'அரசு குறையட்டும்' என்று ராஜாஜி சொன்னபோது, 'பள்ளிக்கூடம் குறையட்டும்' என்று பலர் காதில் விழுந்திருந்தால் அதில் வியப்பில்லை. கொள்கையை எடைபோடும் முன் சொல்கிறவர் யார் என்று பார்ப்பவர் வாக்காளர்.

1955-இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோசலிசப் பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1959 ஜனவரியில் நாகபுரி மாநாடு கூட்டுறவு விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அவ்வாண்டு ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. என். ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். முகமோ எண்பது வயதை அடைந்திருந்த ராஜாஜி. உழுபவனின் நிலம் கூட்டுப்பண்ணைக்குப் போய்விடக்கூடாது என்பதே ரங்காவின் வாதம். அது கிராமத்துக்குப் புரியும் வாதம். ஆனால் கட்சியோடு ஒட்டிக்கொண்ட சொல் ராஜாஜியின் 'பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம்'. கூர்மையான சொல்தான். பெர்மிட் கேட்டு அலுவலக வாசலில் நின்றவருக்கு அது சுருக்கென்று தைத்தது. அப்படி நின்றவர்களோ பஸ் முதலாளியும் ஆலை முதலாளியும். குத்தகைக்கு நிலம் எடுத்து உழுதவருக்கு லைசென்சைப் பற்றி என்ன கவலை? 1962-இல் நெய்வேலியில் சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பொதுத்துறைக்கு எதிரான ஆயிரம் மேடைப் பேச்சுக்கு அந்தப் புகைபோக்கி ஒன்றே பதில் சொல்லிவிடும்.

அதே ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் கட்சிக்கு மாநிலத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு வாக்கு விழுந்தது. கிடைத்த இடங்கள் 6. காரைக்குடியில் வென்ற கம்பன் அடிப்பொடி சா. கணேசனைப் போல, சொந்த மதிப்பால் வென்றவர்களும் உண்டு. 1967-இல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து குறைந்த தொகுதிகளில் நின்றது. வாக்கு 5 விழுக்காட்டளவுக்கு இறங்கியது, இடங்கள் 20-ஆக ஏறின. மக்களவையில் 44 இடங்களோடு நாட்டின் பெரிய எதிர்க்கட்சியானது. இந்த ஏற்றத்தைச் சுதந்திரவாதத்தின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தத் தேர்தலில் அரிசிப் பஞ்சத்தால் புண்பட்டிருந்த ஊர்களை ஈர்த்தது 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற தி.மு.க.வின் வாக்குறுதி. 1952-இல் ராஜாஜி அரசை அரிசிக்கடையிலிருந்து வெளியேற்றி மக்களை மகிழ்வித்தார். 1967-இல் அரசே அரிசிக்கடை வைக்கும் என்று சொன்னவர்களின் தோளில் ஏறி அவர் கட்சி சட்டமன்றம் போனது.

தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்ததால் ஆட்சியில் பங்கில்லை. 1971-இல் பழைய எதிரி காமராஜரோடு கைகோத்தும் 6 இடங்களே மிஞ்சின. அதே ஆண்டில் மதுவிலக்கை நீக்க வேண்டாமென்று முதல்வர் கருணாநிதியை ராஜாஜி கேட்டுக்கொண்டார். பொருளாதாரத்தில் விடுதலை, ஒழுக்கத்தில் கட்டுப்பாடு! இளைஞர்கள் இந்தக் கட்சிப் பக்கம் திரும்பாததற்கு இந்த முரணும் ஒரு காரணம் என்பேன். 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அந்தத் தளம் கலந்த ஜனதாவின் ஆட்சியில்தான், முன்னாள் சுதந்திராக் கட்சிக்காரர் எச். எம். படேல் நிதியமைச்சராக இருந்தபோதே, 1978-இன் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டது.

சுதந்திராக் கட்சி பரந்த ஆதரவு பெற்றிருக்க முடியுமா? முடிந்திருக்கும்: லைசென்சைவிட வெட்டு உத்தரவைப் பற்றியும், ஆலை முதலாளியைவிட நிலம் பறிபோகும் சிறு விவசாயியைப் பற்றியும் உரக்கப் பேசி, பள்ளியும் சோறும் பறிபோகாது என்று உறுதி தந்திருந்தால். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது, சொத்துரிமைக் குரல் தென்னார்க்காட்டில் மறுபடி எழுந்தது. அதை முன்னின்று எழுப்பியது, 1952-இல் படையாச்சியாருக்கு வாக்களித்த அதே வன்னியர் சமூகத்தில் வேர்கொண்ட பாட்டாளி மக்கள் கட்சி.