யாருடைய தன்னாட்சி?

வேல்ஸ் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது என்னை முதலில் நிறுத்தியது ஒரு திறப்பு விழா. 1912 செப்டம்பர் 21, லானிஸ்டம்டுவி என்ற சிற்றூர். அங்கே வளர்ந்து, இளமையில் வேல்ஸுக்குத் தன்னாட்சி கேட்டு, பிறகு பிரிட்டனின் நிதியமைச்சராகிவிட்ட டேவிட் லாய்ட் ஜார்ஜ் ஊருக்குக் கட்டிக்கொடுத்த பொதுக்கூடத்தைத் திறக்க வந்திருந்தார். பேச்சின் நடுவே சில பெண்கள் வாக்குரிமை கேட்டுக் குரல் எழுப்பினார்கள். கூட்டம் அவர்கள்மேல் பாய்ந்தது. முடியைப் பிடித்து இழுத்தது, உடைகளைக் கிழித்தது.

அந்தக் கூடத்தைக் கட்டிய பணம், தன்னைப் பற்றி அவதூறு எழுதிய பத்திரிகையிடமிருந்து லாய்ட் ஜார்ஜ் நஷ்டஈடாகப் பெற்றது. ஓர் ஆணின் மானத்துக்கு விலையாக வந்த காசு. அதில் எழுந்த கட்டடத்தின் திறப்பு விழாவில்தான் பெண்களின் உடை கிழிந்தது.

வேல்ஸில் பெண்ணின் மானம் தேசத்தின் விவகாரமானது அதற்கு வெகு முன்பே. 1846-இல் பள்ளிகளை ஆராய லண்டன் அனுப்பிய மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. பள்ளிகள் மோசம் என்று எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. மொழியைப் பழித்தார்கள், வெல்ஷ் பெண்கள் ஒழுக்கமற்றவர்கள் என்றும் எழுதினார்கள். நாடே கொதித்தது. அந்த அறிக்கைக்கு 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிற்பாடு அங்கே பெண் கல்விக்குக் கிடைத்த ஆதரவில் இந்தப் பழியைத் துடைக்கும் அவசரமும் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

காரணம் எதுவானாலும் கதவு திறந்தது. 1886-இல் பெண் கல்விக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1889-இன் இடைநிலைக் கல்விச் சட்டம் வேல்ஸுக்கு மட்டுமானது. அதன்படி எழுந்த பள்ளிகளில் சிறுமிகளுக்கும் இடம் கிடைத்தது. 1893-இல் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் சாசனம், பட்டமானாலும் பதவியானாலும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒன்றே என்றது. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் தர 1920 ஆயிற்று. கேம்பிரிட்ஜ் முழுமையாகத் தர 1948! கார்டிஃப் கல்லூரியில் மில்லிசென்ட் மெக்கென்ஸி 1910-இலேயே பேராசிரியர். வாக்குரிமைக்காகவும் உழைத்தவர் அவர். 1918-இல் அதே பல்கலைக்கழகத் தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் நின்றார். அந்தத் தேர்தலில் வேல்ஸ் முழுவதிலும் நின்ற ஒரே பெண். தோற்றார்.

அரசியல் தன்னாட்சியோ வரவேயில்லை. 1914-இல் ஈ. டி. ஜான் கொண்டுவந்த மசோதா முளையிலேயே கருகியது. வேல்ஸின் கைக்கு வந்தது கல்விதான்: 1896-இல் தனித் தேர்வு வாரியம், 1907-இல் கல்வித் துறையில் வேல்ஸுக்கென ஒரு பிரிவு. இவற்றுக்கிடையே 1902 சட்டம் பள்ளிகளை உள்ளூர் மன்றங்களிடம் ஒப்படைத்தது. திருச்சபைப் பள்ளிகளுக்கு எங்கள் வரிப்பணத்தைத் தரமாட்டோம் என்று வெல்ஷ் மன்றங்கள் லண்டனையே எதிர்த்து நின்றன. வாசிக்கும்போது எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, நிலக்கரிப் பள்ளத்தாக்கான ரோண்டாவில், பள்ளிகளை நடத்திய மன்றம் திருமணமான ஆசிரியைகளை வேலையைவிட்டு அனுப்பியது. அவர்களில் பலர் 1889-இல் திறந்த கதவு வழியாக வந்த பெண்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். நீதிமன்றம் போனார்கள். 1923-இல் தீர்ப்பு வந்தது: உள்ளூர் மன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு.