ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு வீடு

2012 ஜனவரியில் சிகாகோவின் ஜேன் ஆடம்ஸ் ஹல் ஹவுஸ் சங்கம் திவாலாகிக் கதவை மூடியபோது அதற்கு வயது 122. குழந்தைக் காப்பகம், வேலைப் பயிற்சி, குடும்ப ஆலோசனை என ஆண்டுக்குச் சுமார் 60,000 பேருக்கு உதவிவந்த அமைப்பு அது. பொருளாதாரச் சரிவையும் வற்றிப்போன நன்கொடையையும் காரணமாகச் சொன்னார்கள். பொய்யில்லை. ஆனாலும் அதன் வேர் அறுந்தது அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பு, தன் தெருவை விட்டு அது பெயர்ந்தபோதே என்று நான் கருதுகிறேன்.

1889 செப்டம்பரில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் குடியேறினார்கள். குடியேறினார்கள் என்பதுதான் முக்கியம். உதவ வருகிறவர் பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பாமல் ஏழைகளின் அண்டைவீட்டுக்காரராகவே வாழும் முறையை ஆடம்ஸ் லண்டனின் டாயின்பீ ஹாலில் பார்த்திருந்தார். சுற்றிலும் இத்தாலியர், ஐரிஷ்காரர், கிரேக்கர், ரஷ்ய யூதர். பலர் துண்டுக் கூலிக்குத் துணி தைத்த குடும்பங்கள். அங்கேயே வாழ்ந்ததால் தெருக் குப்பையின் நாற்றம் இவர்களுக்கும் சொந்தமானது. 1894 கோடையில் ஹல் ஹவுஸ் மகளிர் மன்றப் பெண்கள், அன்றாட வேலை முடித்த களைப்போடு சந்து சந்தாக நடந்து, இரண்டே மாதங்களில் 1,037 சுகாதார விதிமீறல்களைப் பதிவு செய்தார்கள். மறு ஆண்டு ஆடம்ஸ் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கே விண்ணப்பித்தார். அது தள்ளுபடியானது, ஆனால் மேயர் அவரை அந்தப் பகுதி அடங்கிய 19-ஆம் வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். ஆடம்ஸ் விடிகாலை ஆறு மணிக்கே குப்பை வண்டிகளின் பின்னால் போனார். ஒரு தெருவில் 18 அங்குலக் குப்பையை வாரிய பிறகுதான் அடியில் கல்தளம் இருப்பதே தெரிந்தது. இறப்பு விகிதத்தில் நகரிலேயே மூன்றாம் இடத்திலிருந்த வார்டு ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

வசதியான வீட்டுப் பெண்கள் ஏழைகளுக்குப் பாடம் எடுக்க வந்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். தொடக்கத்தில் அந்தக் குணம் இருந்தது. சத்துக் கணக்குப் பார்த்துச் சமைத்து விற்க ஒரு பொதுச் சமையலறை திறந்தார்கள். அக்கம்பக்கத்தார் அந்த உணவைச் சீந்தவில்லை. தங்களுக்குப் பிடித்ததைத்தான் சாப்பிடுவோம் என்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி எந்த அறிக்கையிலும் மறையாமல் தினமும் வாசலில் வந்து நின்றது. திருத்திக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அங்கே தங்கியிருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி வீடுகளில் நடந்த தையல் வேலையை நேரில் ஆராய்ந்தார். 1893-இல் பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று இல்லினாய் மாநிலம் சட்டம் இயற்றியதன் பின்னால் அந்த உழைப்பு இருந்தது. இரண்டே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நேர வரம்பை ரத்து செய்தது உண்மைதான். ஆனால் 1899-இல் சிகாகோவில் அமைந்த, அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் நிலைத்தது. அதிலும் இந்த வீட்டின் பங்கு உண்டு.

1960-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக வளாகத்துக்காக நகர நிர்வாகம் ஹல் ஹவுஸ் இருந்த பகுதியைத் தேர்ந்தெடுத்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த, இத்தாலியத் தையற்காரர் மகள் ஃப்ளாரன்ஸ் ஸ்காலா அண்டைவீட்டாரைத் திரட்டி நீதிமன்றம்வரை போராடித் தோற்றார். ஹல் ஹவுஸின் பதின்மூன்று கட்டடங்களில் மாளிகையும் உணவுக்கூடமும் மட்டும் மிஞ்சின. சங்கம் நகரெங்கும் கிளைகளாகப் பிரிந்தது. கடைசிக் காலத்தில் அதன் வருமானத்தில் சுமார் 85 சதவீதம் அரசிடமிருந்து வந்தது. அரசுப் பணம் இல்லாமல் 60,000 பேருக்கு உதவ முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாது. ஏழைகளின் நலன் அரசின் கடமை என்று வாதாடியவர்களே ஹல் ஹவுஸ்காரர்கள்தான், ஆகவே அந்தப் பணத்தை வாங்கியதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரசு ஒப்பந்தம் கேட்பது எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்ற கணக்கை. அரசின் கடமைத் தவறுகளை எண்ணிப் பார்க்க எந்த அரசும் கூலி கொடுப்பதில்லை. 1,037 விதிமீறல்களைக் கணக்கெடுத்த பெண்கள் யாரிடமும் ஒப்பந்தம் பெற்றிருக்கவில்லை. அந்தச் சந்தில் அவர்களுடைய பிள்ளைகள் விளையாடினார்கள்.