டிஜிகேம்

டிஜிகேம், கணினியில் சேரும் ஒளிப்படங்களையும் காணொளிகளையும் வகைப்படுத்தவும் தேடி எடுக்கவும் ஓரளவு திருத்தவும் பயன்படும் கட்டற்ற மென்பொருள். கேடிஇ சமூகத்தின் திட்டங்களுள் ஒன்று. லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றிலும் இயங்குகிறது. ஜிபிஎல் உரிமத்தின்படி விலையின்றிக் கிடைக்கிறது.

2000-களின் தொடக்கத்தில் ரெஞ்சி ராஜு இதை எழுதத் தொடங்கியபோது இதன் வேலை சிறியது. கேமராவைக் கம்பியால் இணைத்ததும், ஜிஃபோட்டோ நிரலகத்தின் துணையோடு படங்களை லினக்ஸ் கணினியில் இறக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். பின்னர் ஜில் கோலியே முன்னின்று நடத்திய குழுவின் கையில் அது முழுமையான பட மேலாண்மைக் கருவியாக வளர்ந்தது. 1.0 பதிப்பு 2009 டிசம்பரில் வந்தது. 2011-இல் வந்த 2.0, முகங்களைக் கண்டறியும் வசதியைச் சேர்த்தது. 2020-இல் வந்த 7.0 அதை ஆழ்கற்றல் முறைக்கு மாற்றியது. 8.0 பதிப்பு 2023-இல் வெளியானது.

ஏறத்தாழ இதே காலத்தில் பிறந்த வேறு இரு மென்பொருள்களின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2002-இல் அறிமுகமான ஐஃபோட்டோவை ஆப்பிள் 2015-இல் கைவிட்டது. 2004-இல் கூகுள் வாங்கிய பிக்காசா, 2016 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. குடும்பப் படங்களைப் பல ஆண்டுகள் அவற்றில் அடுக்கியவர்களுக்குப் படங்கள் அப்படியே கிடைத்தன. படங்களுக்கு அவர்கள் சூட்டிய பெயர்களும் குறிப்புகளும் எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. பட மேலாண்மை மென்பொருள் எதை எடைபோடும்போதும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: நான் எழுதும் விவரம் படத்துக்குள் பதிகிறதா, மென்பொருளின் சொந்தப் பதிவேட்டில் மட்டும் தங்குகிறதா? டிஜிகேமின் வசதிகளில் பாதியாவது இக்கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

கோப்புறையும் குறிச்சொல்லும்

டிஜிகேமில் ஆல்பம் என்பது ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்புறையேதான். மென்பொருளில் ஓர் ஆல்பம் தொடங்கினால் அதே பெயரில் ஒரு கோப்புறை உருவாகும். கோப்புறையின் பெயரை மாற்றினால் ஆல்பத்தின் பெயரும் மாறும். நாளை மென்பொருளையே அகற்றிவிட்டாலும் அடுக்கு குலையாது. ஆண்டை முதலிலும் நிகழ்வை அதன் உள்ளேயும் வைப்பது பலரும் பின்பற்றும் முறை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களால் பெயரிட்டால் கணினி அகர வரிசையில் அடுக்கினாலும் அது கால வரிசையாகவே அமையும்.

கோப்பின் பெயரை நம்ப முடியாது. கேமராக்கள் 1998-இல் வகுக்கப்பட்ட டிசிஎஃப் விதியைப் பின்பற்றி, டிசிஐஎம் என்ற கோப்புறைக்குள், நான்கு எழுத்தும் நான்கு இலக்கமுமாகப் பெயர் வைக்கின்றன. எண் 9999-ஐத் தொட்டதும் மீண்டும் 0001-இலிருந்து தொடங்கும். அதனால் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரு படங்களுக்கு ஒரே பெயர் அமைவது இயல்பு. ஒன்றன் மேல் இன்னொன்றைப் பதித்து இழப்பதும் அப்படித்தான். மெமரி கார்டிலிருந்து இறக்கும்போதே எடுத்த நாளையும் நேரத்தையும் பெயராக்கிவிடும் வசதி டிஜிகேமில் உண்டு. இதை முதல் நாளிலேயே இயக்கி வைப்பது நல்லது.

ஒரு படம் ஓர் ஆல்பத்தில்தான் இருக்க முடியும். ஆனால் அதே படத்தில் பாட்டி இருப்பார், பின்னணியில் மதுரைக் கோபுரம் தெரியும், நிகழ்வு ஒரு திருமணமாக இருக்கும். இதற்குத்தான் குறிச்சொற்கள். அவற்றைக் கிளைகளாக அமைக்கலாம்: இடங்கள், அதன் கீழ் தமிழ்நாடு, அதன் கீழ் மதுரை. ஆர்வத்தில் நூற்றுக்கணக்கில் குறிச்சொற்களை உருவாக்கி, அடுத்த மாதமே அலுத்துப்போய் விட்டுவிடுவோர் பலர். யார், எங்கே, என்ன நிகழ்வு என்ற மூன்று கிளைகள் வீட்டுத் தொகுப்புக்குப் போதும். தரத்தைக் குறிக்க ஐந்து நட்சத்திரம் வரை இடும் முறையும், வண்ண அடையாளங்களும், ஏற்பு, நிறுத்திவைப்பு, தள்ளுபடி என்ற தேர்வுக் கொடிகளும் தனியே இருக்கின்றன.

எழுதுவது எங்கே

படக்கோப்புக்குள் படத்தோடு கூடவே அதைப் பற்றிய விவரங்களும் இருக்கும். மெட்டாடேட்டா எனப்படும் இதற்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. கேமராவே எழுதுவது எக்சிஃப்: எடுத்த நேரம், லென்ஸ், ஒளித்திறப்பு, சில கருவிகளில் இருப்பிடமும். செய்தி நிறுவனங்களின் தேவைக்காக வந்தது ஐபிடிசி. 2001-இல் அடோபி வெளியிட்ட எக்ஸ்எம்பி, இவை எல்லாவற்றையும் விட நெகிழ்வானது. 2012-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. டிஜிகேம் மூன்றையும் படிக்கும், எழுதும்.

தமிழில் குறிச்சொல் வைப்பவர் அறிய வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. பழைய ஐபிடிசி முறை ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் இடம்தான் தருகிறது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்யின் மெய்க்கு மூன்று, அதன் மேல் ஏறும் கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னும் மூன்று. ‘திருக்கழுக்குன்றம்’ மட்டுமே 54 பைட். ‘திருக்கழுக்குன்றம் தேர்’ என்று எழுதினால் 67 ஆகிவிடும். வரம்பைக் கறாராகப் பின்பற்றும் மென்பொருள் அதன் வாலை வெட்டிவிடும். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆகவே தமிழ்க் குறிப்புகளுக்கு எக்ஸ்எம்பியே பாதுகாப்பான இடம்.

டிஜிகேம் தனக்கென ஒரு தரவுத்தளத்தையும் வைத்துக்கொள்கிறது. தேடல் விரைவாக நடப்பது அதனால்தான். குறிச்சொல், தலைப்பு, நட்சத்திரம், முகப் பெயர் ஆகியவற்றில் எவற்றைக் கோப்பிலும் சேர்த்து எழுத வேண்டும் என்பதை அமைப்புகளில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். அச்சிட்ட படத்தின் முதுகில் பேனாவால் பெயர் எழுதுவதற்கும், தனி நோட்டில் பட்டியல் போடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. அடோபியின் பட மேலாண்மை மென்பொருளான லைட்ரூமும் தன் கேட்டலாக் கோப்பில்தான் முதலில் எழுதும்; கோப்புக்கு மாற்றும்படி நாம் சொல்ல வேண்டும். கூகுள் ஃபோட்டோஸில் நாம் சேர்க்கும் விளக்கங்கள், மொத்தமாகப் பதிவிறக்கும்போது படத்தோடு ஒட்டாமல் தனித் தனி ஜேசன் கோப்புகளாக வருகின்றன.

படத்துக்குள் எழுதுவதிலும் சங்கடம் உண்டு. ஒரு நட்சத்திரம் மாற்றினாலும் கோப்பு மாறியதாகவே கணக்கு. மேகக் கிடங்கோடு இணைத்திருந்தால் படம் மீண்டும் முழுதாக ஏறும். கேமரா தரும் ரா கோப்புகளைத் தொடவே பலர் அஞ்சுவர், அது நியாயமும்கூட. இவற்றுக்காகப் படத்தின் பக்கத்திலேயே அதன் பெயரைத் தாங்கிய சிறிய எக்ஸ்எம்பி கோப்பு ஒன்றை எழுதி வைக்கும் வழி இருக்கிறது. படத்தை நகர்த்தும்போது துணைக்கோப்பையும் சேர்த்து நகர்த்த மறக்கக் கூடாது. டிஜிகேமுக்குள்ளிருந்தே நகர்த்தினால் அது பார்த்துக்கொள்ளும்.

தேதிச் சிக்கல்

தேதி தவறினால் காலவரிசை, நாள்காட்டி என எல்லாக் காட்சிகளும் தவறும். எக்சிஃப் நேரம் கேமராக் கடிகாரத்தின் நேரம்; எந்த நாட்டு நேரம் என்று குறிக்க 2016-இல் வந்த 2.31 பதிப்பு வரை அதில் இடமே இல்லை. சிங்கப்பூர் போனவர் கடிகாரத்தை மாற்ற மறந்தால் பயணப் படங்கள் அனைத்தும் இரண்டரை மணி நேரம் பின்தங்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் நேரத்தை நகர்த்தும் கருவி டிஜிகேமில் உள்ளது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்கள் சுருக்கப்பட்டு, எக்சிஃப் விவரங்களையும் இழந்து வருகின்றன. ஆண்ட்ராய்டில் சேமிக்கப்படும் அவற்றின் கோப்புப் பெயரில் மட்டும் எட்டு இலக்கத் தேதி இருக்கும். கோப்புப் பெயரிலிருந்து தேதியை எடுத்து எழுதவும் மேற்சொன்ன கருவியால் முடியும். ஆனால் அது படம் வந்துசேர்ந்த நாள். எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. ஸ்கேன் செய்த பழைய படங்களிலும் இதே கதைதான்: 1974-இல் எடுத்த படம் ஸ்கேனர் இயங்கிய நாளைத் தாங்கி நிற்கும். அவற்றுக்குத் தேதியைக் கையால்தான் இட வேண்டும்.

முகங்கள், நகல்கள்

முகம் அறிதல் முழுவதும் பயனரின் கணினியிலேயே நடக்கிறது. அதற்கான மாதிரிக் கோப்புகளை ஒருமுறை பதிவிறக்கினால் போதும், படம் எதுவும் வெளியே போகாது. முதலில் முகங்களைத் தேடிக் கட்டமிடும். சிலவற்றுக்கு நாம் பெயர் தந்ததும் மற்றவற்றுக்கு அது பெயரை முன்மொழியும். நாம் ஒப்புக்கொண்டால்தான் அது குறிச்சொல்லாகும். கைக்குழந்தையையும் பள்ளி வயதில் அதே குழந்தையையும் ஒருவரென்று சொல்ல அது தடுமாறும். ஆகவே ஒப்புதல் இல்லாமல் எதையும் பதியாத இந்த ஏற்பாடு சரியானதே.

நகல்களைக் கண்டுபிடிக்க, ஹார் அலைத்துணுக்குக் கணக்கின்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தோற்றக் கைரேகையை உருவாக்குகிறது. கோப்பு அளவோ பெயரோ பொருந்த வேண்டியதில்லை. எத்தனை விழுக்காடு ஒத்திருக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். மூலப்படமும் நாலு குழுக்களில் சுற்றி வந்த அதன் மெலிந்த வடிவமும் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். கிறுக்கிக் காட்டினால் அதைப் போன்ற படத்தைத் தேடும் வசதியும் இதிலிருந்து பிறந்ததுதான். வேடிக்கையாக இருக்கும், அன்றாடம் உதவாது. டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் வழியாகப் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் கருவி 8.0-இல் வந்தது. வரைபடத்தில் இடம் குறித்தல், இரு படங்களை ஒப்பிடும் ஒளிமேசை, தொகுதித் திருத்தம் ஆகியவையும் உள்ளன.

குறைகளும் பராமரிப்பும்

அமைப்புப் பக்கங்கள் புதியவரைத் திணறடிக்கும் அளவுக்குப் பல. பெரிய தொகுப்பில் முதல் முகத் தேடல் இரவு முழுவதும் ஓடக்கூடும். இயல்பாக எஸ்கியூலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவதால் அதை வலையமைப்பு வட்டில் வைக்கக் கூடாது, பழுதாகும் அபாயம் உண்டு. அத்தகைய தேவைக்கு மரியாடிபி அல்லது மைஎஸ்கியூஎல் பயன்படுத்தலாம்.

தரவுத்தளத்தையும் கோப்புகளையும் ஒத்திசைக்கும் பராமரிப்புக் கருவிக்கு இரண்டு திசைகள் உள்ளன: தரவுத்தளத்திலிருந்து கோப்புக்கு, கோப்பிலிருந்து தரவுத்தளத்துக்கு. திசை மாறினால் புதிய குறிப்புகள் மேல் பழையவை பதிந்துவிடும். இயக்கும் முன் காப்புப்பிரதி எடுத்தே ஆக வேண்டும். தரவுத்தளம் நான்கு கோப்புகளாக இருக்கிறது. மென்பொருள் எட்டாம் பதிப்பைக் கடந்த பின்னும் முதன்மைக் கோப்பின் பெயரில் 4 என்ற எண்ணே நீடிக்கிறது. சிறுபடங்களுக்கும் ஒற்றுமைத் தேடலுக்கும் உரிய இரண்டும் தொலைந்தால் மென்பொருளே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். முகப் பயிற்சிக் கோப்பு போனால் பயிற்சியைத் திரும்ப நடத்த வேண்டும். படங்களோடு சேர்த்து வேறொரு வட்டில் தவறாமல் நகலெடுக்க வேண்டியது அந்த முதன்மைக் கோப்பு.