பிட் கணக்கில் நடந்த போர்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. நரைத்த தலையும் கோட்டுமாக ஒருவர் தோன்றுகிறார். அவர் பக்கத்தில் இரண்டு திரைகள். ஒன்றில் அட்டாரி கருவியில் ஓடும் பேஸ்பால் ஆட்டம், இன்னொன்றில் மேட்டல் நிறுவனத்தின் இன்டெலிவிஷனில் அதே ஆட்டம். எது நிஜ ஆட்டம் மாதிரி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்கிறார். அவர் பெயர் ஜார்ஜ் பிளிம்ப்டன். இலக்கிய இதழாசிரியர், விளையாட்டைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். பொம்மை விற்க அவரைப் பிடித்து வந்ததிலேயே மேட்டலின் சாமர்த்தியம் தெரியும்.

வீடியோ கேம் கன்சோல்களை வைத்து உலகம் முழுக்க நடக்கும் வாய்ச்சண்டையின் இலக்கணம் அந்த விளம்பரத்தில் அப்படியே இருக்கிறது. இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வை, படத்தை ஒப்பிடு, எதிராளியைக் கேலி செய். நாற்பது ஆண்டுகளாக ரசிகர்கள் செய்வது இதைத்தான். சண்டைக்கான பாடத்தை எழுதிக் கொடுத்தது கம்பெனிகள். ரசிகர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

ஆனால் அவர்கள் அவ்வளவு எளிதில் மனப்பாடம் செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது பணம். ஆட்டத்தைப் பதிந்துவைத்த அட்டாரியின் கேட்ரிட்ஜ் இன்டெலிவிஷனில் நுழையாது, இன்டெலிவிஷனுடையது அட்டாரியில் ஓடாது. ரஜினி ரசிகனும் கமல் படத்துக்கு டிக்கெட் வாங்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு டீக்கடையில் சண்டை போடலாம். கன்சோல் விஷயத்தில் அது நடக்காது. பெரும்பாலான வீடுகளில் அப்பா ஒரு பெட்டிதான் வாங்கித் தருவார். தெருவில் எத்தனை பேர் அதே பெட்டியை வாங்குகிறார்களோ, அத்தனை பேரிடம் கேட்ரிட்ஜ் மாற்றிக்கொள்ளலாம். நாட்டில் எத்தனை லட்சம் பேர் வாங்குகிறார்களோ, அதற்கேற்ப புதிய ஆட்டங்கள் வரும். தோற்ற பெட்டிக்கு ஆட்டம் வராது. ஆகவே தன் பெட்டிக்காக வாதாடிய பன்னிரண்டு வயதுப் பையன், தெரிந்தோ தெரியாமலோ, தன் வீட்டு முதலீட்டைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

முதல் சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்து விழுந்தது. தரமில்லாத ஆட்டங்கள் கடைகளில் மலைபோல் குவிந்தன. விற்காமல் கிடந்த சரக்கில் ஒரு பகுதியை அட்டாரி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014-ல் அந்த இடத்தைத் தோண்டியபோது 'ஈ.டி.' உள்ளிட்ட கேட்ரிட்ஜ்கள் மண்ணோடு வெளியே வந்தன.

அந்தச் சரிவு நடந்த அதே 1983 ஜூலையில், ஜப்பானில் நிண்டெண்டோ தன் ஃபேமிகாம் கருவியை வெளியிட்டது. 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி அது. 1985-ல் அந்தக் கருவியை வேறு உடையில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது, 'வீடியோ கேம்' என்ற சொல்லையே கடைக்காரர்கள் கேட்க விரும்பவில்லை. அதனால் பெட்டிக்கு 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று பெயர் வைத்து, கூடவே ஒரு பிளாஸ்டிக் ரோபோவையும் சேர்த்து விற்றார்கள்.

பெட்டிக்குள் ஒரு பூட்டும் இருந்தது. கருவியில் ஒரு சிப், கேட்ரிட்ஜில் அதற்கு ஜோடியாக ஒரு சிப். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் ஆட்டம் ஓடும். ஒத்துப்போகாவிட்டால் கருவி தன்னைத்தானே திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுக்கொள்ளும். திரை மினுக்கிக்கொண்டே இருக்கும். யார் ஆட்டம் வெளியிடலாம் என்பதை நிண்டெண்டோ முடிவு செய்தது. ஒரு கம்பெனிக்கு ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்கள்தான். நிண்டெண்டோவுக்குக் கொடுத்த ஆட்டத்தை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கருவிக்குக் கொடுக்கக் கூடாது. அந்த ஐந்து என்ற வரம்பைத் தாண்டுவதற்காகவே கொனாமி, 'அல்ட்ரா' என்ற பெயரில் இன்னொரு கம்பெனியைத் தொடங்கியது. 1990 வாக்கில் அமெரிக்கச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கு நிண்டெண்டோ கையில் இருந்தது.

இந்தக் கோட்டையைத்தான் சேகா தாக்கியது. 1989 ஆகஸ்டில் ஜெனிசிஸ் என்ற 16-பிட் கருவி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பிட் என்பது சிப் ஒரே மூச்சில் கையாளும் தகவலின் அளவு. மறு ஆண்டு அமெரிக்க சேகாவின் தலைமைக்கு வந்தவர் டாம் கலின்ஸ்கி. முன்பு மேட்டலில் பார்பி பொம்மைகளை விற்றவர். விலையைக் குறை, கருவியோடு உன்னிடம் உள்ள மிகச் சிறந்த ஆட்டத்தை இலவசமாகக் கொடு, நிண்டெண்டோவின் பெயரைச் சொல்லியே கேலி செய்: இவைதான் அவர் வழி. 1991 ஜூனில் பிறந்த நீல நிற முள்ளெலி சோனிக், அப்படித்தான் ஜெனிசிஸ் பெட்டிக்குள் போனது. இரண்டு மாதம் கழித்து நிண்டெண்டோ தன் 16-பிட் கருவியான சூப்பர் நிண்டெண்டோவை 199 டாலருக்கு இறக்கியபோது, சோனிக்கோடு ஜெனிசிஸ் 149 டாலருக்குக் கிடைத்தது.

பிறகு வந்தது 'பிளாஸ்ட் பிராசஸிங்' என்ற விளம்பர வாசகம். சேகா விளம்பரத்தில் ஜெனிசிஸ் ஆட்டம் ஓடும் டிவி பந்தயக் காரில் சீறிப் பாயும். சூப்பர் நிண்டெண்டோவின் டிவி ஓட்டை வண்டியில் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்து வரும். ஜெனிசிஸின் பிராசஸர் ஏறத்தாழ 7.6 மெகாஹெர்ட்ஸ், சூப்பர் நிண்டெண்டோவினுடையது 3.58 மெகாஹெர்ட்ஸ். கணக்கு சரிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு வகைச் சிப்புகள். வேகத்தை அப்படி நேராக ஒப்பிட முடியாது. அந்தப் பெயர்கூட, நிரலாளர் ஒருவர் கண்டுபிடித்த ஒரு நுட்பத்தைப் பற்றிய பேச்சை விளம்பரப் பிரிவு பிடித்துக்கொண்டதில் பிறந்தது. எந்த ஆட்டமும் அந்த நுட்பத்தால் ஓடவில்லை. மறுபக்கம் நிண்டெண்டோ ரசிகர்களிடமும் எண்கள் இருந்தன. ஜெனிசிஸ் 512 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 64-ஐத்தான் எடுக்கும். சூப்பர் நிண்டெண்டோ 32,768-லிருந்து 256-ஐ எடுக்கும்.

இந்த எண்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று யூஸ்நெட். 1980-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்துத் தொடங்கிய, எழுத்து மட்டுமே உள்ள வலை அது. கணினிக்காரர்களின் சண்டைக் குணம் அப்போதே பிரபலம். ஓர் எண்ணைக் கணினியின் நினைவகத்தில் எந்த முனையிலிருந்து எழுதத் தொடங்குவது என்ற தகராறு முற்றிப்போய், 1980 ஏப்ரல் முதல் தேதி டேனி கோஹன் என்ற விஞ்ஞானி சமாதானம் கோரி ஒரு கட்டுரையே எழுதினார். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கல்லிவர் கதையில் இரண்டு நாடுகள் சண்டை போடுமே, அதிலிருந்து இரு கட்சிக்கும் பெயர் எடுத்தார். சமாதானம் வரவில்லை, அந்தப் பெயர்கள் மட்டும் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டன.

1992 ஜனவரியில், மினிக்ஸ் இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவம் என்று யூஸ்நெட்டில் எழுதினார். லினக்ஸை எழுதிய ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் சூடாகப் பதில் சொன்னார். பிறகு தொனிக்கு மன்னிப்புக் கேட்டார், கருத்தை மட்டும் விடவில்லை. இரு பக்கமும் தொழில் தெரிந்தவர்கள் இருந்ததால் அந்தச் சண்டையை இன்றும் மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். கன்சோல் சண்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது மற்ற பேச்சையெல்லாம் மூழ்கடித்தது. யூஸ்நெட்காரர்கள் கண்ட வழி, சண்டைக்கென்றே தனி அறை ஒதுக்குவது. மக்கின்டாஷ், அமிகா, லினக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் 'அட்வகசி' குழுக்கள் இருந்தன. வீடியோ கேமுக்கும் ஒன்று திறந்தார்கள். கட்சி பேச வேண்டுமா, அங்கே போய்ப் பேசு என்று விரட்டிவிடுவார்கள்.

பெரியவர்கள் மட்டும் இதைவிடப் பக்குவமாக நடந்துகொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1993 செப்டம்பரில் 'மார்ட்டல் காம்பாட்' ஆட்டம் இரண்டு கருவிகளுக்கும் ஒரே நாளில் வந்தது. நிண்டெண்டோ பதிப்பில் அடி விழுந்தால் சாம்பல் நிற வியர்வை தெறிக்கும். சேகா பதிப்பில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று பட்டன்களை வரிசையாக அழுத்தினால் சிவப்பு ரத்தம். பள்ளிக்கூடங்களில் இந்த ஏழு எழுத்தும் காட்டுத்தீயாகப் பரவின. விற்பனையில் சேகா பதிப்பு முந்தியது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று, வீடியோ கேம் வன்முறை பற்றி அமெரிக்க செனட்டர் ஜோ லீபர்மன் முன் விசாரணை. நிண்டெண்டோவின் ஹோவர்டு லிங்கன், சேகா ஆட்டங்களைப் போன்றவை தங்கள் கருவியில் வராது என்றார். சேகாவின் பில் வைட், அவரே முன்பு நிண்டெண்டோவில் இருந்தவர், நிண்டெண்டோ விற்கும் பெரிய பிளாஸ்டிக் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். மறு ஆண்டு வயதுவாரித் தர முத்திரை முறை வந்தது. நிண்டெண்டோவும் 'மார்ட்டல் காம்பாட்'டின் இரண்டாம் பாகத்தை ரத்தத்தோடேயே விற்றது.

பிட் கணக்கு உச்சத்துக்குப் போனதும் கேலிக்கூத்தானதும் ஒரே நேரத்தில்தான். 1993 நவம்பரில் அட்டாரி, ஜாகுவார் என்ற கருவியை '64-பிட்' என்று அறிவித்து, கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று சவால் விட்டது. உள்ளே இருந்த முக்கியச் சிப்புகளில் ஒன்றின் பெயர் டாம், இன்னொன்று ஜெர்ரி. இதெல்லாம் நிஜமான 64-பிட்டா என்று ரசிகர்கள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். விற்றது இரண்டரை லட்சத்தைத் தொடவில்லை. விளையாட நல்ல ஆட்டங்கள் இல்லாத பெட்டிக்கு எத்தனை பிட் இருந்து என்ன?

முடிவை எழுதியவை வேறு எண்கள். 1995 மே 11, லாஸ் ஏஞ்சலஸில் வீடியோ கேம் தொழிலின் முதல் ஈ3 கண்காட்சி. கலின்ஸ்கி மேடையேறி, சேகாவின் அடுத்த கருவியான சாட்டர்ன் இன்றே கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர் என்றார். கடைக்காரர்கள் பலருக்கே அது செய்தி. சரக்குக் கிடைக்காத கேபி டாய்ஸ் கடைகள் கோபத்தில் சேகா பொருள்களையே விலக்கி வைத்தன. பிறகு, பிளேஸ்டேஷன் என்ற புதிய கருவியோடு வந்த சோனியின் முறை. சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார், '299' என்று மட்டும் சொன்னார், இறங்கிப் போய்விட்டார். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. அந்த பிளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. நிண்டெண்டோவின் அடுத்த கருவியான நிண்டெண்டோ 64 கேட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்ததால், மூன்று சிடி தேவைப்பட்ட 'ஃபைனல் ஃபேன்டசி 7' சோனி பக்கம் போனது. 2001 ஜனவரி 31 அன்று, தன் ட்ரீம்காஸ்ட் கருவியை நிறுத்திவிட்டு, இனி மற்றவர் கருவிகளுக்கு ஆட்டங்கள் மட்டும் செய்வதாகச் சேகா அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோனிக், நிண்டெண்டோ கருவிகளில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து ஆண்டு சண்டை போட்ட இரு கட்சிக்காரர்களும் வாயடைத்துப்போன தருணம் அது.

இந்தப் போரின் சத்தம் 90களின் தமிழ்நாட்டில் கேட்கவே இல்லை. இங்கே பிள்ளைகள் விளையாடிய 'டிவி கேம்' பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல். பெட்டிமேல் ஏதேதோ பெயர் இருக்கும். நிண்டெண்டோ என்ற பெயர் இருக்காது. மரியோவும் 'கான்ட்ரா'வும் தெரியும், செய்த கம்பெனி தெரியாது. ஒருவன் வீட்டுக் கேசட் (கேட்ரிட்ஜுக்கு இங்கே அதுதான் பெயர்) அடுத்தவன் வீட்டுப் பெட்டியிலும் ஓடும். ஓடாவிட்டால் உள்ளே ஊதிவிட்டு மறுபடி போடுவார்கள். எல்லாக் கேசட்டும் எல்லாப் பெட்டியிலும் நுழைந்த ஊரில், பெட்டிக்காகக் கட்சி கட்ட யாருக்கும் தேவை இருக்கவில்லை. அமெரிக்கப் பையன்களைச் சண்டைக்காரர்களாக ஆக்கியது அந்தப் பூட்டுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ரசிகர்களின் வாய்ச்சண்டை ஒரு கம்பெனியை நிஜமாகவே பணியவைத்ததும் உண்டு. 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அது இணையத்தில் வருகைப் பதிவு செய்ய வேண்டும். பழைய டிஸ்கை விற்பதற்கும் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு. இணையம் கொதித்தது. ஜூனில் சோனி தன் பிளேஸ்டேஷன் 4-ஐ 399 டாலர் என்றது, போட்டியாளரைவிட 100 டாலர் குறைவு. கூடவே ஒரு குட்டி வீடியோ: சோனி அதிகாரி ஒருவர் டிஸ்கை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்கிறார், முடிந்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளை வாபஸ் வாங்கியது. இந்தமுறை ரசிகர்கள் பேசியது பிட்டைப் பற்றியல்ல, காசு கொடுத்து வாங்கிய பொருளில் தங்களுக்கு என்ன உரிமை என்பதைப் பற்றி. அதனால்தான் அது பலித்தது.

அதற்குப் பிறகு பூட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துவருகின்றன. 2018-ல் 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தில் சோனி, மற்ற கருவிக்காரர்களோடு சேர்ந்து விளையாட அனுமதித்தது. 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் ஆட்டங்களில் நான்கைப் போட்டிக் கருவிகளுக்குத் தருவதாக அறிவித்தது. எண்களைக் காட்டிச் சண்டை போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. பிட்டுக்குப் பதில் இப்போது டெராஃப்ளாப், அதாவது வினாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள் என்ற அளவு. 2020-ல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப், பிளேஸ்டேஷன் 5 வெறும் 10.28. விற்பனையில் முந்தியது பிளேஸ்டேஷன். 2025 ஜூன் 5 அன்று வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2, கணக்கு வலுவில் இவை இரண்டுக்கும் பின்னால்தான் நிற்கிறது. முதல் நான்கு நாட்களில் அது 35 லட்சத்துக்கு மேல் விற்றது. புதிய 'மரியோ கார்ட்' ஆட்டம் வேறு எந்தப் பெட்டியிலும் கிடைக்காது.