தந்தி முதல் இணையம் வரை: அவுஸ்திரேலிய உட்பிரதேசத்தில் தொலைமருத்துவம்

வைத்தியசாலைக்குத் தொலைவில் வாழும் நாட்டுப்புற மக்கள் தம் நோய்பற்றி இணையத்தின்வழி அறிவதும் வைத்தியருடன் உரையாடுவதும் இன்று பரவலாகியுள்ளன. இதனை முற்றிலும் புதியதொரு நிகழ்வாகக் கொள்வோர் பலர். ஆயின், தொலைவிலிருந்து வரும் சொல்லைத் துணையாகக் கொண்டு நோயை எதிர்கொள்ளும் முயற்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவுஸ்திரேலிய உட்பிரதேசம் இதற்குத் தக்க சான்றாகும்.

1917 ஆம் ஆண்டில் ஜிம்மி டார்சி என்னும் மந்தை மேய்ப்பாளர் குதிரையிலிருந்து வீழ்ந்து, சிறுநீர்ப்பை சேதமுற்ற நிலையில் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹோல்ஸ் கிறீக்குக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கு வைத்தியர் எவருமிலர். முதலுதவி கற்றிருந்த தபாலதிபர் டக்கெற், பேர்த் நகரிலிருந்த வைத்தியர் ஹொலண்டுடன் தந்திமூலம் தொடர்புகொண்டார். ஏறத்தாழ 2,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்த மோர்ஸ் குறிகளின்படி, பேனாக்கத்தியால் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் ஹொலண்ட் கப்பலிலும் மோட்டார் வண்டியிலுமாகப் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன்னரே நோயாளி இறந்துவிட்டார். சொல் விரைந்து கடந்த தூரத்தை மனிதன் கடக்கப் பல நாட்கள் சென்றன.

இக்குறையை நீக்க முனைந்தவர் ஜோன் பிளின் என்னும் மதகுரு. அவரது முயற்சியால் 1928 மே மாதத்தில் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து விமான வைத்திய சேவை தொடங்கியது. ஆனால் வைத்தியரை அழைக்க வழியற்ற பண்ணைகளுக்கு விமானத்தாற் பயனில்லை. மின்சாரமற்ற அப்பண்ணைகளுக்கெனக் காலால் மிதித்து மின்னுண்டாக்கும் வானொலிக் கருவியை 1929 இல் அல்பிறட் திறேகர் ஆக்கியளித்தார். மோர்ஸ் குறிகளைக் கற்பது பலர்க்கும் கடினமாயிருந்தமையால், எழுத்தை அழுத்தியதும் அதற்குரிய குறியை அனுப்பும் தட்டச்சுப் பலகையையும் அவர் அமைத்தார். 1930களிற் குரலாற் பேசும் வசதியும் வந்தது.

எனினும் கருவி மட்டும் போதியதாயிருக்கவில்லை. நோவை எவ்வாறு விபரிப்பது? எம்மருந்தைக் கொடுப்பது? 1942 இல் வகுக்கப்பட்ட மருந்துப் பெட்டியில் மருந்துகள் இலக்கமிடப்பட்டிருந்தன. உடற்படமொன்றின் பகுதிகளும் பின்னர் அவ்வாறே இலக்கமிடப்பட்டன. பண்ணைப் பெண் நோவுள்ள இடத்தின் இலக்கத்தைச் சொல்ல, வைத்தியர் மருந்தின் இலக்கத்தைச் சொன்னார். கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் பொதுவானதொரு மொழி இவ்வாறு உருவாயிற்று. ஆயின், வானொலி வைத்திருந்த அயற்பண்ணையாரும் அவ்வுரையாடலைக் கேட்க முடிந்தது; மறைவாகச் சொல்லவேண்டிய நோய்களைச் சொல்லப் பலர் கூசியிருப்பர் என ஊகிக்கலாம்.

2015, 2016 ஆம் ஆண்டுகளில் ஏவப்பட்ட ஸ்கை மஸ்ரர் செய்மதிகள் இரண்டும் உட்பிரதேசத்துக்கு வேகமான இணையத்தைக் கொண்டுசென்றன. 2020 இன் கொவிட் தொற்று தொலைமருத்துவத்தை மேலும் விரிவாக்கியது. அயலார் அறியாது வைத்தியருடன் பேசவும், தன் நோய்பற்றித் தானே வாசித்தறியவும் நாட்டுப்புறத்தாருக்கு இன்று இயல்கின்றது. இது பெரும் பேறே. ஆயினும் இழந்ததொன்றும் உண்டு. வானொலியிற் கேட்ட வினா ஒரு வைத்தியரைச் சென்றடைந்தது. விடைக்கு அவர் பொறுப்பேற்றார். இணையத்தில் தேடுவோர்க்கு எண்ணற்ற விடைகள் கிடைக்கின்றன. அவற்றுட் பலவற்றுக்குப் பொறுப்பேற்பார் இலர். தொலைவிலுள்ள பழங்குடிமக்களின் குடியிருப்புகள் பலவற்றில் இணைப்பே இன்னும் போதாது.

தந்தியும் வானொலியும் இணையமும் தூரத்தைச் சுருக்கின. ஆனால் மறுமுனையில் விடைசொல்லும் வைத்தியரும், அவ்விடையைப் பயன்படுத்த வீட்டில் ஒரு மருந்துப் பெட்டியும் இருந்தபோதே அவை உயிர் காத்தன. நாட்டுப்புறங்களுக்கு இணையம் வழங்க முனையும் எந்த நாடும் மனங்கொள்ளவேண்டிய வரலாற்றுப் பாடம் இதுவேயாகும்.