கொடுத்து வைத்தவர்கள்

‘கொடுத்து வைத்தவர்’ என்று ஒரு சொல் நம் வழக்கில் உண்டு. நல்ல பிள்ளைகளும் நோயற்ற முதுமையும் வாய்த்தவரை அவ்வாறு அழைக்கிறோம். முன்பு கொடுத்து வைத்ததை இன்று திரும்பப் பெறுகிறார் என்பது அதன் உட்பொருள். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் அதற்குக் கொடிய மறுபக்கம் ஒன்றும் உண்டு. இளம் வயதில் கணவனை இழந்தவளின் வீட்டுக்குத் துக்கம் கேட்கச் சென்றவர்கள், “என்ன பாவம் செய்தாளோ!” என்று முணுமுணுக்கும்போது அதே கணக்குத்தான் பேசுகிறது. மனிதர் தமக்குத் தகுந்ததையே இவ்வாழ்வில் அடைகிறார்கள் என்பது மெய்தானா? தென்காசிச் சீமையின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களுக்குத் தென்காசி தலைநகராயிற்று. அங்கிருந்து ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன், 1446ஆம் ஆண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். பின்னர் அதன் முகப்பில் ஒன்பது நிலைக் கோபுரம் ஒன்றை எழுப்ப முற்பட்டான். ஆனால் கோபுரம் நிறைவுறுமுன் 1463இல் அவன் வாழ்வு நிறைவுற்றது. எஞ்சிய பணியை முடித்தவன் அவன் தம்பி குலசேகர பாண்டியன். தன் ஆட்சியின் உழைப்பையெல்லாம் எந்தக் கோபுரத்தில் இட்டானோ, அதன் உச்சியைக் காணும் பேறு அந்த மன்னனுக்கு வாய்க்கவில்லை. தகுதி இல்லாமலா?

அவன் விட்டுச்சென்ற கல்வெட்டுப் பாடல்களில் ஒன்று கருதத்தக்கது. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் யாராயினும், உலகறிய அவரைத் தான் பணிவதாக அவன் அதில் அறிவிக்கிறான். அறத்தைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் என்று எழுதும் வழக்கம் பழைய கல்வெட்டுகளிலும் உண்டு; அறத்தை அழிப்பவரைச் சபிக்கும் வழக்கமும் உண்டு. இந்த மன்னனோ சபிக்காமல், தன் பெயரைச் சொல்லிப் பணிகிறான். தன் நற்செயல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று அவன் நம்பவில்லை. முகமறியாத யாரோ ஒருவரின் நல்ல மனத்தை நம்பினான்.

அவன் அஞ்சியது நடந்தது. கோபுரம் பின்னாளில் சிதைந்து, தலையிழந்து நெடுங்காலம் நின்றது. அதைப் பார்த்தபடியே தலைமுறைகள் பிறந்து மறைந்தன. இறுதியில் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்ற திருப்பணியால் 1990இல் ஏறத்தாழ 180 அடி உயரத்தில் கோபுரம் மீண்டும் எழுந்தது. மன்னன் மறைந்து அப்போது 527 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அவ்வாயிலில் நுழைவோரைப் பொதிகைக் காற்று முகம்தடவி வரவேற்கிறது. அந்த மன்னன் பணிந்தது வீண்போகவில்லை. ஆனால் பயன் பெறுவதற்கு அவன் அங்கில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி, தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியிலுள்ள கடையத்தில் நிகழ்ந்தது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய சுப்பிரமணிய பாரதியார் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் சில வாரங்கள் இருந்தபின், மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்கு வந்து சேர்ந்தார். 1920இல் அங்கிருந்தபடியே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட வேண்டும். அதற்குக் கடனாகப் பொருள் தந்து உதவ வேண்டும் என்பதே அது. மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட எளிதாகத் தம் நூல்கள் விற்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். வேண்டியது பிச்சையன்று, கடன். திட்டமோ நிறைவேறவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில், 39 வயது நிறைவதற்குள், அவர் சென்னையில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பர். 1949இல் அவருடைய எழுத்துகளின் உரிமையை அரசு விலைக்கு வாங்கியது. பின்னர் அவை நாட்டின் பொதுச் சொத்தாயின. கடையத்தில் அவர் கண்ட கனவு பன்மடங்காகப் பலித்தது. ஆனால் புகழால் அவர் வீட்டு அடுப்பு எரியவில்லை.

இவ்விரு வரலாறுகளும் நமக்குக் கூறுவது என்ன? தகுதியும் பேறும் ஒரே நாளில், ஒரே வாசலில் சந்திப்பது அரிது. குற்றாலத்தைப் பாருங்கள். ஆனி ஆடிச் சாரல் நல்லவன் தலையிலும் பொல்லாதவன் தலையிலும் ஒன்றுபோலவே விழுகிறது. மலைப்பொழிவில் ஆண்டவர் மழையைப்பற்றிக் கூறியதும் இதுவே. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. உடன் நின்றவர்கள் தப்பினர். தப்பியவர் நல்லவர், மாண்டவன் தீயவன் என்று யார் சொல்லத் துணிவார்? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்டதைக் குறித்தும் இதே ஐயம் எழுந்தது. அவர்கள் மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு அடியோடு மறுத்தார் என்பதை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். துன்புறுகிறவரின் பாவத்தைத் தேடாமல், அவரவர் தம் மனத்தைத் திருப்புமாறு பணித்தார்.

அப்படியானால் தகுதி என்பதே பொய்யா? அன்று. பாண்டியனுக்கு உரியது பிறர் கைகளின் வழியாக வந்தது. பாரதிக்கு உரியது பிறர் கைகள் விரியாமையால் வாழ்நாளில் வராமல் போயிற்று. ஆக, மழையைப்போல நீதி தானாகப் பொழிவதில்லை. ஒருவருக்கு உரியதை அவருக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பு அவரைச் சுற்றி வாழ்பவர்களிடம் உள்ளது. “அவரவர் விதி” என்று சொல்லும்போது அந்தப் பொறுப்பையே நாம் கைகழுவுகிறோம். பிலாத்துவும் கைகழுவினான்.

கூலி குறைக்கப்பட்ட வேலைக்காரர், திறமை இருந்தும் கட்டணம் கட்ட இயலாத மாணவி, முதுமையில் தனித்துவிடப்பட்ட ஆசிரியர் ஆகியோர் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். இவர்கள் இதற்குத் தகுதியானவர்களா என்று ஆராய்வது எளிது. இவர்களுக்கு உரியதில் எவ்வளவு என் கையில் தங்கியிருக்கிறது என்று கேட்பதே கடினம். தம் காலத்தில் வாழும் ஒருவருக்கு, அவர் கண்காண, உரியதைக் கொடுத்தவர்களையே இனி நாம் ‘கொடுத்து வைத்தவர்கள்’ என்று அழைப்போமாக.